தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்குத் தினமும் போய்வர எரிபொருள் சிக்கனமான கார் எது?

தலவாக்கலை வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தலவாக்கலைக்கு அருகில் வசிக்கிறோம். எனக்கு வேலை நுவரெலியாவில். மனைவி லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறார். இவ்வளவு காலமும் பேருந்திலும் மோட்டார் சைக்கிளிலுமாகச் சமாளித்து வந்தோம். இந்த ஆண்டு மகளை நுவரெலியாவில் ஒரு பாடசாலையில் சேர்த்திருக்கிறோம். மழையிலும் மூடுபனியிலும் சிறுபிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்ல மனம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே பாவித்த கார் ஒன்றை வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறோம்.

ஒரு வழித் தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். காலையில் நானுஓயா தாண்டும் வரை பெரும்பாலும் ஏற்றம். மாலையில் அதே பாதையில் இறக்கம். வீட்டை அடையும் கடைசிப் பகுதி கல் பெயர்ந்த தோட்டப் பாதை. மாதத்தில் ஓரிரு தடவை அம்மாவைக் கிளினிக்குக்காகக் கண்டிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அப்போது கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போய்வருவோம்.

எரிபொருள் செலவுதான் என் முதல் கவலை. 2022 ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயைத் தொட்டதையும், பிறகு கியூஆர் முறையில் கிடைத்த வாராந்த ஒதுக்கீட்டை எண்ணி எண்ணிச் செலவழித்ததையும் நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பின் விலை இறங்கியபோதிலும், மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பம் அந்த நாட்களை மனதில் வைத்துத்தான் வண்டி வாங்க வேண்டியிருக்கிறது.

அல்டோ 800, ஜப்பான் வேகன் ஆர் ஹைபிரிட் (பெற்றோல் எஞ்சினுடன் மின்மோட்டாரும் உள்ளது), 1.0 லீற்றர் விட்ஸ், ஹைபிரிட்டான அக்வா ஆகியவற்றைப் பார்த்து வருகிறேன். நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்றும் விலைக்கு வந்திருக்கிறது. கொழும்பில் இருக்கும் மைத்துனர், அக்வாவைத் தவிர வேறெதையும் நினைக்கவே வேண்டாம் என்கிறார். இங்கே தெரிந்தவர்களோ, மலையில் ஹைபிரிட்டால் பயனில்லை, சிறிய எஞ்சின் ஏற்றத்தில் திணறிப் பெற்றோலைக் குடித்துவிடும், ஆகவே பெரிய எஞ்சினே நல்லது என்கிறார்கள். இவற்றில் எதை நம்புவது? மலைநாட்டில் நாள்தோறும் ஓட்டுபவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

அட்டன் கராஜ்காரர் எழுதியது:

தம்பி, எந்த வண்டி லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள். அக்வா அறிமுகமான 2011 இல் ஜப்பானியச் சோதனை முறையில் அதற்குக் கிடைத்த எண் லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர். அந்த எண் சோதனைக்கூடத்தில், சமதளத்தில் ஓடுவதாகக் கொண்டு உருளைமேல் ஓட்டி எடுக்கப்பட்டது. நமது வீதியில் அது எந்தக் காரிலும் கிடைக்காது. கொழும்பில் உங்கள் மைத்துனருக்குக் கிடைப்பது இங்கே உங்களுக்குக் கிடைக்காது.

நான் முதலில் பார்க்கச் சொல்வது கியர்பெட்டியைத்தான். ஏற்றத்தில் வாகனங்கள் ஊர்ந்து செல்லும் இடங்களில், எண்ணெயில் மூழ்காத உலர் கிளச் கொண்ட இரட்டைக் கிளச் கியர்பெட்டி எந்தக் கம்பனியின் வண்டியில் இருந்தாலும் சூடேறும். எரிபொருளில் மிச்சம் பிடித்ததையெல்லாம் ஒரே பழுதில் கொடுத்துவிட நேரும். நீங்கள் பட்டியலிட்ட வண்டிகளில் அந்த வகை இல்லை என்பது ஆறுதல். அல்டோவின் சாதாரண மனுவல் கியர்பெட்டியைப் பழுதுபார்க்க அட்டனிலும் முடியும், தலவாக்கலையிலும் முடியும். வேகன் ஆரில் உள்ள, படிப்படியான கியர்கள் இல்லாத தானியங்கி வகையான சிவிடி கியர்பெட்டிக்கு உரிய எண்ணெயைக் காலத்துக்கு மாற்றினால் மலையிலும் குறைசொல்ல முடியாது.

தோட்டப் பாதையையும் மறக்க வேண்டாம். அக்வாவின் அடித்தளம் தரையிலிருந்து 140 மில்லிமீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. அல்டோ 800 இல் 160 மில்லிமீற்றர். நால்வர் ஏறி அமர்ந்த பின் அந்த 20 மில்லிமீற்றரின் அருமை தெரியும்.

பண்டாரவளை பௌதிகம் எழுதியது:

வணக்கம். உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிப்பவன் என்ற வகையில், ஏற்றத்தின் செலவைக் கணக்காகவே எழுதிக் காட்ட விரும்புகிறேன். ஏனெனில் எங்கள் பகுதியில் வண்டி வாங்குபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடாததால்தான்.

தலவாக்கலை கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். ஆக, ஒவ்வொரு நாள் காலையிலும் உங்கள் காரையும் அதில் இருப்பவர்களையும் ஏறத்தாழ 670 மீற்றர் மேலே தூக்குகிறீர்கள். அல்டோ சுமார் 700 கிலோ. ஆட்களும் பைகளும் 250 கிலோ என்றால் மொத்தம் 950 கிலோ. திணிவு, புவியீர்ப்பு ஆர்முடுகல், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் சுமார் 6.2 மெகாயூல் வருகிறது. ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 32 மெகாயூல் சக்தி இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள எஞ்சின் அதில் சுமார் 30 வீதத்தைச் சக்கரத்துக்குத் தருவதாகக் கொண்டால், உயரத்துக்காக மட்டும் எரியும் பெற்றோல் 0.65 லீற்றர். அக்வா சுமார் 1,080 கிலோ; அதே ஆட்களுடன் 1,330 கிலோ. தூக்க வேண்டிய சக்தி 8.7 மெகாயூல். அதன் எஞ்சின் அட்கின்சன் வட்டத்தில் இயங்குவதால் வினைத்திறன் கூடுதல். 36 வீதம் என்று வைத்துக்கொண்டாலும் செலவு 0.76 லீற்றர். அதாவது, சிறந்த எஞ்சினால் கிடைக்கும் ஆதாயத்தைக் கூடுதல் எடை விழுங்கிவிடுகிறது. தூரம் ஓடுவதற்கான செலவு இதற்கு மேல் தனியாக உண்டு என்றாலும், நீண்ட ஏற்றத்தில் இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்க முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

இறக்கத்தில் ஹைபிரிட் இழந்ததை மீட்டுத் தந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அக்வாவின் பற்றரி மொத்தமாக ஒரு கிலோவாட் மணிக்குச் சற்றுக் குறைந்த கொள்ளளவு உடையது; அதிலும் ஒரு பகுதியை மட்டுமே கணினி பயன்படுத்த விடும். உங்கள் மாலைப் பயணத்தில் கார் இழக்கும் நிலைச்சக்தியோ 2.4 கிலோவாட் மணி. அதில் ஒரு பங்கு டயரின் உராய்விலும் காற்றிலும் போனாலும், எஞ்சியது அந்தச் சிறிய பற்றரியில் அடங்காது. இறக்கத்தின் முற்பகுதியிலேயே பற்றரி நிரம்பிவிடும். அதன் பிறகு கார் எஞ்சினை வெறுமனே சுழற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும். மறுபுறம், இன்றைய சாதாரண பெற்றோல் காரிலும் இறக்கத்தில் கியரில் வைத்து அக்ஸிலரேற்றரிலிருந்து காலை எடுத்தால், எரிபொருள் செலுத்துவது முற்றாக நிறுத்தப்படுகிறது. எனவே நீண்ட இறக்கத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றும் குடிப்பதில்லை. நியூட்ரலில் விட்டு இறக்குபவர்களின் எஞ்சின்தான், அணையாமல் சுழல்வதற்காகப் பெற்றோலை எரித்துக்கொண்டிருக்கிறது.

ஹைபிரிட் தன் சிறப்பைக் காட்டுவது நின்று நின்று போகும் நெரிசலில். கொழும்பில் உங்கள் மைத்துனர் காண்பது உண்மையே. கண்டி நகருக்குள் நுழையும்போது நீங்களும் காண்பீர்கள். ஆனால் தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் அத்தகைய நெரிசல் மிகக் குறைவு.

சிறிய எஞ்சின் திணறும் என்ற பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. நுவரெலியாவின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறைவு; டர்போ இல்லாத எஞ்சின் அதே விகிதத்தில் வலுவை இழக்கும். அல்டோவின் 48 குதிரைவலு அங்கே 40 என்றாகிவிடும். இருந்தும், செங்குத்தான இடத்திலும் அந்த எடையை மணிக்கு 40 கிலோமீற்றரில் ஏற்றுவதற்கு அதுவே போதுமானது. சிறிய எஞ்சின் ஓரளவு கடினமாக உழைக்கும்போதுதான் அதன் வினைத்திறன் நன்றாக இருக்கும்; அக்ஸிலரேற்றரை முழுவதும் அழுத்தி முந்திச் செல்ல முயலும்போதுதான் எரிபொருள் கலவை செறிந்து வீணாகிறது. அத்துடன், காற்று மெலிந்த உயரத்தில் சாதாரண எஞ்சினுக்கு 95 ஒக்டேன் அவசியமே இல்லை, 92 போதும்.

ஹப்புத்தளை தாதி எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் கணக்கைப் படித்தபோது என் அனுபவத்துக்கு விளக்கம் கிடைத்தது போல் இருந்தது. நான் ஜப்பான் வேகன் ஆர் ஹைபிரிட் ஓட்டுகிறேன். ஹப்புத்தளையிலிருந்து இரவுக் கடமைக்கும் அதிகாலைக் கடமைக்கும் போய்வருகிறேன். ஹைபிரிட் என்று பெயர் இருந்தாலும் அதன் சிறு மோட்டார் தனியாகக் காரை நெடுந்தூரம் இழுப்பதில்லை. வேகமெடுக்கும்போது எஞ்சினுக்குச் சில விநாடிகள் தோள் கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்தக் காரின் சிக்கனத்துக்கு உண்மையான காரணம், சுமார் 800 கிலோவுக்குள் அடங்கும் அதன் எடையே என்பது என் கருத்து.

குளிரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊர்களில் அதிகாலையில் எஞ்சின் சூடாகும் வரை பெற்றோல் கூடுதலாகவே செலவாகும். சிக்னலில் தானாக எஞ்சினை அணைக்கும் வசதியும் அதுவரை வேலை செய்யாது. மூடுபனியில் கண்ணாடியில் ஆவி படியும்போது ஏசியைப் போட்டே ஆக வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம். பாதை தெரிவதைவிடப் பெற்றோல் முக்கியமல்ல. என் சகோதரி அக்வா வைத்திருக்கிறார். ஹீற்றரைப் போட்டால் தண்ணீரைச் சூடாக வைத்திருப்பதற்காக அதன் எஞ்சின் அடிக்கடி இயங்குகிறது. அதனால் குளிர்காலத்து நுவரெலியாவில் அந்தக் காரின் சிக்கனத்தில் ஒரு பகுதி குறைந்துவிடும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, இன்னொன்று. எஞ்சினைத் தானாக அணைத்து இயக்கும் வண்டிகளுக்கு அதற்கென்றே தயாரித்த 12 வோல்ட் பற்றரி தேவை. சாதாரண பற்றரியைவிட அது விலை கூடியது. வாங்கும்போதே அதன் வயதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு பேர் ஏறி அம்மாவின் பொருட்களும் வைக்க வேண்டும் என்றால் வேகன் ஆரின் உயரமான கதவும் இருக்கையும் முதியவர்களுக்கு மிகவும் வசதி. முழங்கால் வலியுள்ளவர்கள் அக்வாவுக்குள் குனிந்து இறங்கி அமரச் சிரமப்படுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பதுளை கணக்காளர் எழுதியது:

எரிபொருளை மட்டும் பார்த்து வண்டி வாங்குவது, வட்டியைப் பார்க்காமல் கடன் வாங்குவதற்குச் சமம். நாளொன்றுக்கு 60 கிலோமீற்றர், மாதம் 22 நாள் என்றால் 1,320 கிலோமீற்றர். ஒரு கார் லீற்றருக்கு 15 கிலோமீற்றரும் மற்றது 20 கிலோமீற்றரும் தருவதாக வைத்துக்கொள்வோம். முதலாவதுக்கு 88 லீற்றர், இரண்டாவதுக்கு 66 லீற்றர். வித்தியாசம் 22 லீற்றர். கணக்குக்காக லீற்றர் 300 ரூபாய் என்றால் மாதம் 6,600 ரூபாய் மிச்சம்.

அந்த மிச்சத்துக்காக 15 இலட்சம் ரூபாய் கூடுதலாக லீசிங் எடுத்தால், ஆண்டுக்கு 13 வீத வட்டியில் தொடக்கத்தில் வட்டி மட்டும் மாதம் 16,250 ரூபாய். பெற்றோல் மீண்டும் 470 ரூபாயைத் தொட்டாலும் மாத மிச்சம் 10,340 ரூபாய்தான். அப்போதும் வட்டியை அது ஈடுசெய்யாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் பாவித்த வண்டிகளுக்கு ஏறிய விலை, வண்டியின் உண்மையான தரத்தைக் காட்டும் அளவுகோல் அல்ல. ஆகவே இரண்டு கார்களின் விலை வித்தியாசத்தை முதலில் எழுதுங்கள். அதன் வட்டியை மாதக் கணக்கில் எழுதுங்கள். அதற்குப் பிறகே மைலேஜைப் பற்றி யோசியுங்கள். டீசல் வண்டிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; இந்தத் தூரத்துக்கும் இந்தக் குடும்பத்துக்கும் அது தேவையும் இல்லை.

தலவாக்கலை வாசி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நான் பார்த்த அக்வாவுக்கும் வேகன் ஆருக்கும் இடையிலான விலை வித்தியாசத்தைக் கணக்காளர் ஐயா சொன்னபடி எழுதிப் பார்த்தேன். என் பயணத்துக்கு அந்த வித்தியாசம் எரிபொருளில் திரும்பி வராது என்பது தெளிவாகிவிட்டது. அக்வாவை விட்டுவிடுகிறேன். ஆனால் லீஃப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே. மின்சாரக் காரின் பெரிய பற்றரி இறக்கத்தில் சக்தியை முழுமையாக மீட்டுக்கொள்ளும் அல்லவா?

கம்பளை மின்கார் எழுதியது:

முழுமையாக அல்ல, பெருமளவுக்கு மீட்கும். நான் 24 கிலோவாட் மணி பற்றரியுள்ள பழைய லீஃப் ஒன்றைப் பயன்படுத்துகிறேன். உங்கள் காலைப் பயணத்தில் ஆட்களுடன் 1,700 கிலோவை 670 மீற்றர் தூக்க 3.1 கிலோவாட் மணியும், 30 கிலோமீற்றர் உருள்வதற்கு அதே அளவு அல்லது சற்றுக் கூடுதலாகவும் தேவைப்படும். ஆக, மோட்டாரிலும் பற்றரியிலும் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 7 கிலோவாட் மணிக்குச் சற்று மேல் போகும். மாலையில் மிகக் குறைவாகவே செலவாகும். பற்றரி தேய்ந்து 15 கிலோவாட் மணியே எஞ்சிய வண்டிகூட இந்த நாளைக் கடந்துவிடும். ஒரு நுணுக்கம் இருக்கிறது: நுவரெலியாவில் பற்றரியை முழுதாக நிரப்பிவிட்டு இறங்காதீர்கள். நிரம்பிய பற்றரியால் இறக்கத்தின் சக்தியை வாங்கிக்கொள்ள முடியாது; வழக்கமான பிரேக்கையே நம்ப வேண்டிவரும். வீட்டில் நிரப்பிக்கொண்டு ஏறி, இடமுள்ள பற்றரியுடன் இறங்குவதே முறை.

கண்டிப் பயணம்தான் தடை. போகும்போது இறக்கம் என்பதால் எளிதாகத் தோன்றும். திரும்பி வரும்போது கினிகத்தேனை ஏற்றத்துக்கு முன்பே மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். தேய்ந்த பற்றரியுடன், வழியில் சார்ஜ் செய்யாமல் அந்தப் பயணத்தைச் செய்ய முடியாது. நோயாளியான அம்மாவை வைத்துக்கொண்டு சார்ஜருக்காகக் காத்திருப்பது நல்லதல்ல. வீட்டின் மின்னிணைப்பையும் பாருங்கள். தோட்டப் பகுதிகளில் பல வீடுகளின் வயரிங் இரண்டு மூன்று மின்குமிழ்களை நினைத்துப் போடப்பட்டது. புவித்தொடுப்பு சரியாக இருக்கிறதா என்பதை மின் தொழிலாளர் ஒருவர் அளந்து சொல்லாமல் காரைச் செருக வேண்டாம். பெற்றோல் வரிசை நீண்ட அதே 2022 மார்ச்சில் மின்வெட்டும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஆகவே நெருக்கடிக்கு மாற்றாக மட்டும் நினைத்து மின்காரை வாங்குபவர், கூரையில் சூரிய மின்கலமும் அதன் மின்சாரத்தைச் சேமிக்கும் பற்றரியும் இருந்தால்தான் முழு நிம்மதி அடைவார். வீட்டில் இரண்டாவது வண்டி இருப்பவர்களுக்கு லீஃப் மிக நல்லது. உங்களுடையது ஒரே வண்டி என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அட்டன் கராஜ்காரர் எழுதியது:

கம்பளை நண்பர் சொன்னது நியாயம். அப்படியானால் வேகன் ஆர் அல்லது அல்டோ. முதியவர் பயணம் செய்வதால் நான் வேகன் ஆரின் பக்கம். கண்டிப் பயணத்துக்கும் அது தாங்கும்.

வாங்கும் முன் வண்டியை நுவரெலியாவிலோ கொழும்பிலோ சமதளத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு முற்பணம் கொடுக்க வேண்டாம். எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் சென்று, உங்கள் கையால் இயக்குங்கள். நால்வர் ஏறி, ஒரு நல்ல ஏற்றத்தில் நடுவழியில் நிறுத்தி மீண்டும் எடுங்கள்; சிவிடியில் நடுக்கமோ, எஞ்சின் இரைந்தும் வண்டி நகராத தாமதமோ இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பிறகு அதே பாதையில் தாழ்ந்த கியர் நிலையில் வைத்து இறங்கிப் பாருங்கள்.

பிரேக்கைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். நானுஓயாவுக்கு அருகே ரதெல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் ஒரு பேருந்து விபத்தில் ஏழு உயிர்கள் போனதை அந்தப் பாதையில் தினமும் செல்லும் உங்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய எண்ணெய் நீண்ட இறக்கத்தின் சூட்டில் கொதித்துக் குமிழிவிட்டால், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. நம் பகுதியின் ஈரப்பதத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றியே ஆக வேண்டும். பாவித்த வண்டி என்றால், முந்தையவர் மாற்றினேன் என்று சொன்னாலும், வாங்கிய கையோடு மாற்றிவிடுங்கள்.

டயரும் அப்படியே. எளிதாக உருண்டு பெற்றோலை மிச்சப்படுத்தும் என்று விற்கப்படும் டயர்களில் சில ஈரத் தார்வீதியில் பிடிப்புக் குறைந்தவை. நுவரெலியா மாவட்டத்தில் ஓட்டுபவர் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் டயரையே போட வேண்டும். காற்றழுத்தத்தை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காலையில் அளந்து, கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு வைத்திருந்தாலே போதிய சிக்கனம் கிடைக்கும்.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வேகன் ஆரின் ஆண்டையும், ஜப்பான் ஏலத் தாள் (அங்கே ஏலத்தில் விற்றபோது வண்டியின் நிலையைக் குறித்த தாள்) இருந்தால் அதையும் இங்கே எழுதுங்கள். ஏலத் தாளில் உள்ள கிலோமீற்றரும் மீற்றரில் உள்ளதும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகு பேரம் பேசலாம்.